பழைய கம்ப்யூட்டரில் வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்களை இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஆபீஸ்கள் மூட்டை கட்டி வெளியே தள்ளுகின்றன. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளிலும் கராஜ் மூலையில் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று கிடக்கும். தூக்கிப்போட மனம் வராது, வைத்து என்ன செய்வதென்றும் தெரியாது.

இன்னொரு பக்கம் வீட்டு ஃபைல்களின் நிலைமையைப் பாருங்கள். காவடி வீடியோ ஒரு டிவிடியில், மகள் கல்யாணப் போட்டோ போட்டோகிராஃபர் கொடுத்த பென் டிரைவில், பூட்டன் கப்பலில் வந்தபோது கொடுத்த காலனி எண்ணும் ஊர்ப்பெயரும் உள்ள பட்டியலின் ஸ்கேன் யாரோ ஒரு சித்தப்பாவின் போனில். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் நாம். அந்தத் தாள்களைத் தேடி எடுக்கப் பட்ட பாடு நமக்குத் தெரியும். தேடி எடுத்தபின் ஒரே ஒரு போனில் வைத்திருக்கிறோம்! கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். அது ஒரு கல்யாண வீடியோவுக்கே போதாது.

இந்த இரண்டு தொல்லைக்கும் சேர்த்து ஒரு வழி உண்டு. அந்தப் பழைய கம்ப்யூட்டரையே வீட்டின் ஃபைல் சர்வர் ஆக்கிவிடலாம்.

சர்வர் என்றால் என்ன

பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நடுக்கூடத்தில் ஒரு பீரோ இருக்கிறது, வீட்டில் எல்லோரும் அதில் வைக்கலாம், எடுக்கலாம், ஆனால் சில அறைகளுக்கு மட்டும் சாவி தனி. ஃபைல் சர்வரும் அவ்வளவுதான். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், அதிலுள்ள ஃபோல்டர்களை வீட்டு ரூட்டர் வழியாக மற்ற கருவிகளுக்குத் திறந்துவிடும் ஒரு மென்பொருள். அதற்கு மானிட்டரும் கீபோர்டும் முதல் நாள் மட்டும் தேவை.

ஃபோல்டரைப் பகிர்வதற்குக் கருவிகள் தங்களுக்குள் பேசும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன், பல ஸ்மார்ட் டிவிகள் எல்லாவற்றிலும் அது தெரிந்த செயலிகள் உண்டு. லினக்ஸ் என்னும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்த வேலையைச் செய்வது சாம்பா என்னும் இலவச மென்பொருள். நீங்கள் சாம்பாவை நேரடியாகத் தொடவே வேண்டாம். அதைப் பட்டன்களாக மாற்றித் தரும் அமைப்புகள் இருக்கின்றன.

இதற்கு இன்டர்நெட் தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபைபர் அறுந்து கிடந்தாலும் வீட்டுக்குள் போட்டோ பார்க்கலாம். ரூட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும்.

எந்தக் கம்ப்யூட்டர் தேறும்

ஃபைல் எடுத்துக் கொடுப்பது மூளையைக் கசக்கும் வேலை இல்லை. 2006-இல் வந்த கோர் 2 டுவோகூடத் தாராளமாகச் செய்யும். பிராசஸர் 64 பிட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனே தன் 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது. ராம் 2 ஜிபி இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

நெட்வொர்க் போர்ட்டைக் கவனியுங்கள். கிகாபிட் என்றால் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி வரை போகும். பழைய 100 மெகாபிட் என்றால் 11, 12 எம்பிதான். 4 ஜிபி வீடியோ ஒன்றைக் காப்பி செய்ய முன்னதில் ஒரு நிமிடத்துக்குள் முடியும், பின்னதில் ஆறு நிமிடம். போர்ட் கிகாபிட்டாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு ஓசைப்படாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும், ஒரு எச்சரிக்கையும் வராது. வைஃபையில் சர்வரை இணைப்பது வேண்டாத வேலை. போன் வைஃபையில் இருக்கட்டும், சர்வர் கேபிளில் இருக்கட்டும்.

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ப்ரீபெய்டு மீட்டர் பேச ஆரம்பிக்கும். சர்வர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் சாதனம். ஒரு யூனிட் மூன்று ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போதே 100 வாட் இழுக்கும் பழைய பென்டியம் 4 என்றால் மாதம் 72 யூனிட், 216 ரேண்ட். 40 வாட் இழுக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப் என்றால் சுமார் 86 ரேண்ட். 12 வாட் லேப்டாப் என்றால் 26 ரேண்ட். அதனால் பென்டியம் 4 சும்மா கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். ஒரே வருடத்தில் கரண்டுக்கே 2,500 ரேண்ட் போய்விடும். ஓரளவு நல்ல ஹார்ட் டிஸ்க் வாங்கும் பணம் அது.

லேப்டாப்புக்கு இன்னொரு லாபம், பேட்டரி கூடவே வருகிறது. குறை என்னவென்றால் உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம். வெளியே யூஎஸ்பியில் டிஸ்க் மாட்டலாம், ஆனால் போர்ட் யூஎஸ்பி 2.0 ஆக இருந்தால் நொடிக்கு 30, 35 எம்பிக்கு மேல் நகராது. யூஎஸ்பி 3 உள்ள லேப்டாப் என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, அடி மூடி வளைந்திருந்தாலோ அந்த பேட்டரியைக் கழற்றாமல் சார்ஜரைச் செருகாதீர்கள். இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜில் கிடக்கப்போகும் பெட்டி அது.

டெஸ்க்டாப் என்றால் மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள். மதர்போர்டில் சின்னச் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். தலை புடைத்தோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்த போர்டு நம்பத் தகாதது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் சர்வரைக் கராஜிலோ வெளி அறையிலோ வைக்காதீர்கள், உப்புக் காற்று உலோகத்தை அரித்துவிடும். ஹாலில் ரூட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் பழசு, டிஸ்க் புதுசு

கம்ப்யூட்டர் எவ்வளவு பழசாக வேண்டுமானாலும் இருக்கட்டும், டிஸ்க்கைப் புதிதாக வாங்குங்கள். மதர்போர்டு எரிந்தால் வேறொரு பழைய பெட்டியில் அதே டிஸ்க்கை மாட்டி எழுப்பிவிடலாம். டிஸ்க் போனால் போனதுதான்.

பெட்டியோடு வந்த பழைய டிஸ்க்கை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு 16 ஜிபி இருந்தால் போதும். ஆனாலும் அதன் உடம்பு எப்படி இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் ஜாதகத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். அதில் நீளமான பட்டியல் வரும், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. 197-ஆம் எண் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். இரண்டிலும் கடைசியில் உள்ள அசல் மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197-இல் ஏதாவது எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் உங்கள் அப்பாவின் போட்டோவை வைக்காதீர்கள். 9-ஆம் எண் வரி, டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது. கடைக்காரர் ‘நியூ’ என்று சொல்லி விற்றதில் அங்கே 30,000 மணி என்று இருந்தால், அது மூன்றரை வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க்.

புதிய டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை பார்ப்பீர்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்குகளில் எழுதும் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், அதனால் நிறைய எழுதும்போது மூச்சு வாங்கும். பேக்கப்புக்கு அது போதும். சர்வரின் முக்கிய டிஸ்க், தடங்கள் அப்படிப் படியாத சிஎம்ஆர் ஆக இருப்பது நல்லது. தட்டையான பெரிய கேபிள் போகும் ஐடிஇ டிஸ்க் மட்டும்தான் மாட்ட முடியும் என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

நிறுவுவது

ஃபைல் சர்வருக்கென்றே உள்ள ஆபரேட்டிங் சிஸ்டங்களில் டிரூநாஸ் நல்ல அமைப்புதான், ஆனால் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். நம்முடைய பழைய பெட்டிக்கு ஓபன்மீடியாவால்ட் சரியாக வரும். டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது, இலவசம். அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பெட்டியை பூட் செய்ய வேண்டும். நிறுவும்போது புதிய பெரிய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். எந்த டிஸ்க்கை அழிக்கட்டும் என்று அது கேட்கும் நேரத்தில் அங்கே ஒரே ஒரு டிஸ்க் மட்டும் தெரிவதுதான் பாதுகாப்பு.

முடிந்ததும் திரையில் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி தெரியும். அதை வேறொரு கம்ப்யூட்டரின் பிரௌசரில் தட்டினால் சர்வரின் பக்கம் திறக்கும். முதல் முறை நுழைய எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான், அமைப்பின் பெயரே பாஸ்வேர்ட். உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். இரண்டாவது வேலை, ரூட்டருக்குள் போய் அந்த முகவரியை இந்தப் பெட்டிக்கே நிரந்தரமாக ஒதுக்குவது. இல்லாவிட்டால் என்றைக்காவது ரூட்டர் வேறு எண் கொடுத்துவிடும், வீட்டில் எல்லோரும் ‘சர்வர் காணோம்’ என்று உங்களைத் தேடுவார்கள்.

பிறகு பெரிய டிஸ்க்கை மாட்டி, அதில் எக்ஸ்ட்4 என்னும் லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) உருவாக்கி, ஃபோல்டர்களைப் போட்டு, எஸ்எம்பி சேவையை ஆன் செய்ய வேண்டும். எல்லாம் பட்டன்கள்தான், அரை மணி நேர வேலை.

யோசிக்க வேண்டிய இடம் யாருக்கு என்ன அனுமதி என்பது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் போடுங்கள். ‘போட்டோ’ ஃபோல்டரில் எல்லோரும் எழுதலாம். ‘பூட்டன் ஆவணம்’ ஃபோல்டரை எல்லோரும் படிக்கலாம், எழுதும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். டிவிக்கு ஒரு பயனர், அதற்குப் படிக்க மட்டும் அனுமதி. எட்டு வயசுப் பையன் ரிமோட்டை வைத்துக்கொண்டு என்ன அழுத்தினாலும் எதுவும் அழியாது. பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.0.50 என்பதுபோல இரண்டு சாய்கோடு போட்டு உங்கள் சர்வரின் எண்ணைத் தட்டினால் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நிற்கும்.

சில பழைய மீடியா பிளேயர்கள் எஸ்எம்பி முதல் பதிப்பைக் கேட்டு அடம் பிடிக்கும். அதை ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, விண்டோஸில் அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஒரு பழைய பிளேயருக்காக அந்தக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

கரண்ட் போனால்

சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா வீட்டில் இதை அமைத்துக் கொடுத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். ‘ஏன் தம்பி, லைட்டு போனா இதுக்குள்ள இருக்கறதெல்லாம் போயிடுமா?’

தென்னாப்பிரிக்காவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். 2007 கடைசியில் தொடங்கி வந்தும் போயும் இருந்த லோட் ஷெட்டிங், அதாவது மின்பற்றாக்குறைக்காக முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, 2023-இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் கடைசியில் நின்று பத்து மாதம் தலைகாட்டாமல் இருந்து, 2025 ஜனவரி கடைசியில் மறுபடி எட்டிப்பார்த்தது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் இருக்கவே இருக்கின்றன.

டிஸ்க்கில் எழுதி முடித்தது கரண்ட் போனால் அழியாது, ஆயா. ஆபத்து, பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதில். எக்ஸ்ட்4 தான் செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். திரும்ப எழும்போது அதைப் பார்த்து ஃபோல்டர் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அப்போது காப்பி ஆகிக்கொண்டிருந்த அந்த ஒரு வீடியோ பாதியில் நின்றிருக்கலாம். அதை அது காப்பாற்றித் தராது.

லேப்டாப் என்றால் பேட்டரி பார்த்துக்கொள்ளும். வெளி டிஸ்க் தனி அடாப்டரில் ஓடினால் மட்டும் அந்த டிஸ்க்குக்கும் பாதுகாப்பு வேண்டும், யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் சின்ன டிஸ்க் என்றால் கவலையில்லை. டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் தேவை. ரூட்டருக்கு நாம் எல்லோரும் வாங்கி வைத்திருக்கும் குட்டி யூபிஎஸ் 12 வோல்ட் மாதிரி டிசி மின்சாரம்தான் தரும், டெஸ்க்டாப்புக்கு அது உதவாது. யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி கேபிள் உள்ளதாகப் பாருங்கள். ஓபன்மீடியாவால்ட்டில் நட் என்னும் கூடுதல் செயலியைப் போட்டுவிட்டால், பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொன்னதும் சர்வர் தானே எல்லாவற்றையும் மூடிவைத்து அணைந்துகொள்ளும். இரண்டரை மணி நேரம் ஓட வேண்டியதில்லை, ஒழுங்காக அணைய ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். அதனால் சின்ன யூபிஎஸ்ஸே போதும், அதன் பேட்டரி மட்டும் செத்துப்போகாமல் இருக்க வேண்டும்.

அணைந்தது சரி, கரண்ட் வந்ததும் எழுந்திருக்க வேண்டுமே? டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸில், கரண்ட் திரும்பியபின் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை ஆன் ஆகும்படி வையுங்கள். பழைய பெட்டிகளில் இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. மதர்போர்டில் காசு அளவில் வெள்ளியாக மின்னும் சிஆர்2032 பேட்டரி ஒன்று இருக்கும். பத்து வருடப் பெட்டியில் அது அநேகமாகத் தீர்ந்திருக்கும். தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும், நீங்கள் வைத்த அமைப்பு உட்பட. கடிகாரமும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். சில பெட்டிகள் எஃப்1 அழுத்து என்று கருப்புத் திரையில் எழுதிவைத்து, மானிட்டரே இல்லாத மூலையில் யாராவது வந்து அழுத்துவார்கள் என்று காத்திருக்கும். வெளியே பார்த்தால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், சர்வர் மட்டும் கிடைக்காது. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் அந்தப் பேட்டரியை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

போகும் கரண்டைவிட வரும் கரண்ட் மோசம். தெரு முழுக்க கீசரும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் எழும்போது வோல்டேஜ் குதிக்கும். சர்ஜ் பிளக் இல்லாமல் எதையும் சுவரில் செருகாதீர்கள். கோடைகால இடிமழைக்கும் அது ஓரளவு உதவும்.

வெளியிலிருந்து பார்க்க

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகனும் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ரூட்டரில் எஸ்எம்பி வந்துபோகும் வாசலான 445-ஆம் போர்ட்டைத் திறந்துவிடுங்கள் என்று எங்காவது படித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். எஸ்எம்பியை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறப்பது வாசல் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். இன்டர்நெட் வழியாகவே பூட்டிய தனிப்பாதை போட்டுத் தரும் விபிஎன் வழிதான் சரி. மொபைல் நெட்வொர்க் ரூட்டர்களில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனியாகப் பொது முகவரி கிடைக்காது, அங்கேயும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் செயலிகள் வேலை செய்யும். சர்வரிலும் மகனின் போனிலும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால் முடிந்தது.

இன்னொரு காப்பி

இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றை மற்றதன் பிரதியாக ஓடவிடும் ரெய்டு முறையைச் சிலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் சர்வர் நிற்காமல் ஓட அது உதவும், அவ்வளவுதான். நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். வீட்டுச் சர்வருக்கு ரெய்டு தேவையே இல்லை என்பது என் கட்சி. அந்த இரண்டாவது டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்பாக வைத்துக்கொள்வது மேல்.

அந்த பேக்கப்பும் அதே வீட்டில் இருந்தால் பாதிதான் பயன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நேட்டாலில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள் சேதமாயின. மண் சரிந்த வீட்டில் மேஜையில் இருந்த சர்வரும் டிராயரில் இருந்த பேக்கப்பும் தனித்தனி இல்லை. ஒரு டிஸ்க் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அத்தை வீட்டில் இருக்கட்டும், ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். தைப்பூசக் காவடிக்கும் ஈஸ்டர் மாரியம்மன் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் எப்படியும் சந்திக்கிறோம், அப்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

அத்தை வீட்டுக்குப் போகும் டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக வைக்காதீர்கள். விண்டோஸில் செருகினால் அது திறக்காது, ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்கும், யாராவது சரி என்று அழுத்திவிடுவார்கள். விண்டோஸும் லினக்ஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் ஆக வையுங்கள். கொடுத்துவிட்டு வருவதற்கு முன் அத்தையின் லேப்டாப்பிலேயே செருகி, நடுவில் எங்கிருந்தாவது ஒரு வீடியோவைத் திறந்து, கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள்.